பரிசளிப்பு விழா அறிக்கையில் ‘டிக்னிற்றரி’ என்ற ஆங்கிலச் சொல்லை யாருக்குப் பயன்படுத்தலாம்?

முள்ளியவளை மாணவி:

வணக்கம். எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஆங்கில வரவேற்புரையை வாசிக்கும் பொறுப்பும், விழா முடிந்தபின் ஆங்கில மன்றத்தின் கையெழுத்து இதழுக்கு அறிக்கை எழுதும் பொறுப்பும் எனக்குத் தரப்பட்டுள்ளன. உயர்நிலையில் உள்ளோரைக் குறிக்க ‘டிக்னிற்றரி’ என்ற சொல்லை அகராதியில் கண்டேன்; ஆனால் ‘பிரமுகர்’ என்ற ஒற்றைப் பொருளைத் தவிர அதில் வேறு விளக்கம் இல்லை. மேடையில் மாவட்ட அரசாங்க அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர், கோயில் குருக்கள், பங்குத்தந்தை ஆகியோருடன், கௌரவிக்கப்படவுள்ள மூத்த விவசாயி ஒருவரும் அமர்ந்திருப்பார். இவர்கள் அனைவரையும் அச்சொல்லால் குறிப்பிடலாமா? ‘வி.ஐ.பி.’ என்று எழுதினாலே போதும் என்கிறாள் என் தோழி.

கிளிநொச்சி ஆங்கில ஆசிரியர்:

தங்கச்சி, இச்சொல்லுக்கு அடிப்படை, தகுதி என்று பொருள்படும் ‘டிக்னிற்றாஸ்’ என்ற இலத்தீன் சொல். கண்ணியத்தைக் குறிக்கும் ‘டிக்னிற்றி’யும் அதே வேரிலிருந்து வந்ததுதான், முன்பு ஆங்கிலத்தில் அது உயர் பதவியையும் குறித்தது என்பதால், அத்தகைய பதவியை வகிப்பவர் ‘டிக்னிற்றரி’ ஆனார். ஆகவே ஒருவர் எவ்வளவு நல்லவர், எவ்வளவு புகழ் பெற்றவர் என்பதை வைத்து இச்சொல்லைச் சூட்டுவதில்லை. அவர் வகிக்கும் பதவியை வைத்தே சூட்டுகிறோம். அரசாங்க அதிபருக்கு ஐயமின்றிப் பொருந்தும். வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பாடசாலை விழா என்ற அளவில் பொருந்தும். ‘லோக்கல் டிக்னிற்றரிஸ்’ என்ற வழக்கே அதற்காக இருக்கிறது. புகழ்பெற்ற பாடகர் ஒருவர் வந்தால் அவர் ‘செலிபிறிற்றி’ ஆவாரே தவிர, டிக்னிற்றரி ஆகமாட்டார்.

வரவேற்புரையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. இது ஒருவரைப் பற்றிச் சொல்லும் சொல். அவரை நோக்கி விளிக்கும் சொல்லாக ஆங்கிலத்தில் வழங்குவதில்லை. மேடையில் பிரதம விருந்தினரின் பதவியையும் பெயரையும் சொல்லி, மற்றவர்களை ‘டிஸ்ரிங்குயிஷ்ட் கெஸ்ற்ஸ்’ என்று விளியுங்கள். பாராளுமன்ற உறுப்பினர் வந்தால் அவர் பெயருக்கு முன் ‘ஒனரபிள்’ சேர வேண்டும். டிக்னிற்றரியை அறிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வவுனியா ஓய்வுநிலை எழுதுவினைஞர்:

ஆசிரியர் சொன்னது சரி. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கடமையாற்றிய காலத்தில் நிகழ்ச்சி நிரல்கள் பலவற்றைத் தட்டச்சு செய்தவன் என்ற முறையில், ‘வி.ஐ.பி.’ பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன், மகள். அது வருபவருக்கு அளிக்கப்படும் வசதியையும் பாதுகாப்பையும் பற்றிய சொல். வாகனத் தரிப்பிடத்துக்கும் ஆசன ஒழுங்குக்கும் அது போதுமானது. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறப்பைப் பற்றி எழுதும் நிருபர் ‘டிக்னிற்றரிஸ்’ என்று எழுதினால், அங்கு அரச, சமயப் பதவிகளை வகிப்போர் வந்திருந்தார்கள் என்று வாசகர் விளங்கிக்கொள்வார். ‘வி.ஐ.பி.க்கள்’ என்று எழுதினால், அங்கு கயிறு கட்டிப் பொதுமக்களைத் தடுத்திருந்தார்கள் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்!

இன்னொன்று: உயர்நிலைக்கும் ஓர் எல்லை உண்டு. 1963 இல் கிராம சேவகர் முறை வரும்வரை, எங்கள் ஊர்களின் நிர்வாகத்தை விதானைமார் பார்த்து வந்தனர். ஊருக்குள் அவர்களுக்குப் பெரிய மதிப்பு இருந்தும், ஆங்கில ஆவணங்கள் அவர்களை ‘ஹெட்மன்’ என்ற அளவிலேயே நிறுத்தின.

மன்னார் வாசகர்:

குருக்களையும் பங்குத்தந்தையையும் பற்றி யாரும் சொல்லவில்லை. தேவாலய வழக்கில் இச்சொல் முக்கியமான மேற்பதவிகளை வகித்த குருமாரைக் குறித்தது. அந்தக் கண்டிப்பான பொருளில் பார்த்தால், மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வரும் ஆயர் அடங்குவார், பங்குத்தந்தை அடங்கமாட்டார். ஆனால் இலங்கை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘றிலிஜஸ் டிக்னிற்றரிஸ்’ என்று சமயத் தலைவர்களைப் பொதுவாகக் குறிப்பிடுவதால், உங்கள் அறிக்கையில் இருவரையும் சேர்ப்பதை எவரும் குறை சொல்லப் போவதில்லை.

இதே பொருட்பரப்பில் ‘பிக்விக்’ என்ற சொல்லும் கண்ணில் படக்கூடும். பெரிய மனிதர்கள் பெரிய பொய்முடி அணிந்த காலத்துச் சொல் அது. கேலித் தொனி கொண்டதால் பாடசாலை இதழுக்கு வேண்டாம். உயர் அரச அதிகாரிகளைச் சுட்டும் ‘மண்டரின்’ நமக்கு உறவுக்காரச் சொல்: நாம் ‘மந்திரி’ என்று வழங்கும் அதே வடமொழிச் சொல் மலாய் வழியாகப் போர்த்துக்கேயருக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அதையும் விழா அறிக்கையில் எழுத முடியாது. திரைக்குப் பின்னால் இருந்து ஆட்சியை நடத்தும் அதிகாரி என்ற சாயல் அதில் ஒட்டியிருக்கிறது.

முள்ளியவளை மாணவி:

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் அந்த மூத்த விவசாயியை எவ்வாறு குறிப்பிடுவது? பதவி இல்லை என்பதற்காக அவரை விட்டுவிட மனம் வரவில்லை.

கிளிநொச்சி ஆங்கில ஆசிரியர்:

விட வேண்டியதில்லை. பதவியாளர்களைக் குறிப்பிட்ட வாக்கியத்துக்கு முன்பாகவே அவருக்குத் தனி வாக்கியம் ஒன்று கொடுத்து, ‘கெஸ்ற் ஒஃப் ஒனர்’ என்று எழுதுங்கள். அதற்குப் பதவி தேவையில்லை, அழைத்தவர்கள் அளிக்கும் மதிப்பே போதும். உச்சரிக்கும்போது ‘டிக்’ என்ற முதல் அசையை அழுத்துங்கள். பன்மையில் எழுதும்போது ஈற்றிலுள்ள ‘வை’ என்ற எழுத்து நீங்கி, ‘ஐ, ஈ, எஸ்’ என்ற மூன்றும் வரும். விடைத்தாள் திருத்தும்போது அதில்தான் அதிகம் சிவப்புக் கோடு போட வேண்டியிருக்கிறது.