டெப்த் ஆஃப் ஃபீல்டு: தமிழில் என்ன சொல்வது? திங்களுக்குள் வேண்டும்

ஒளியோடை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

ஒளிப்படம் எடுக்கப் புதிதாகக் கற்கும் மாணவர்களுக்குக் குறிப்பேடு எழுதிவருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. லென்ஸில் ஒளி புகும் துளை (அப்பெர்ச்சர்), மூடுவேகம், குவியத்தொலைவு வரை சிக்கல் இல்லை. டெப்த் ஆஃப் ஃபீல்டில், அதாவது ஆளுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தொலைவு படத்தில் தெளிவாக விழுகிறது என்பதில், வந்து நின்றுவிட்டேன்.

இதுவரை ‘புல ஆழம்’ என்றே எழுதியிருந்தேன். போன வாரம் அதே சொல்லை வைத்து வகுப்பெடுத்தேன். துளையை அகலத் திறந்தால் புல ஆழம் குறையும் என்றேன். தேர்வுத்தாளில் பலர், ‘ஆகவே பின்னணி தெளிவாகத் தெரியும்’ என்று முடித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு பையன் சொன்னான்: “ஆழம் குறைஞ்சா அடி தெரியும்தானே சார்?”

அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. நமக்கு ஆழம் என்றால் தண்ணீர்தான். ஆழம் குறையக் குறைய அடி தெரியும். ஒளிப்படத்தில் நேர்மாறு: புல ஆழம் குறையக் குறையப் பின்னணி மங்கும். பிழை அவன்மேல் இல்லை, சொல்லின்மேல்தான்.

கணக்கு இதுதான். 36-க்கு 24 மி.மீ. உணரி (சென்சார்), 50 மி.மீ. லென்ஸ், ஆள் 2 மீட்டர் தொலைவில். எஃப் 2-இல், அதாவது துளை அகலத் திறந்திருக்கும்போது, ஆளுக்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 20 செ.மீ. மட்டும் தெளிவாக இருக்கும். துளையைச் சுருக்கி எஃப் 8-க்குப் போனால் அது 80 செ.மீ. ஆகும். இந்த 20-ஐயும் 80-ஐயும் சுட்ட ஒரு சொல் தாருங்கள்.

---

சொல்வேர் எழுதியது:

ஐயா, புலத்தைக் கைவிட வேண்டாம். அதை வெறும் வயல் என்று கொள்வதால்தான் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. ‘புலப்படுதல்’ என்கிறோமே, அங்கே புலம் கண்ணுக்கு எட்டுவது. பொழுது புலர்தலும் அதே வேர் என்பது என் துணிபு: இருளில் கிடந்தது தெரியவருவது. தொல்காப்பியப் பாயிரம் ‘புலந்தொகுத்தோனே’ என்னும்போது அறிவுக்கு எட்டியது புலமாகிறது. புலவர், புலமை எல்லாம் அந்த வழி வந்தவை. ஆகப் புல ஆழம் என்றால் புலப்படும் ஆழம். சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

---

குவியம் எழுதியது:

சொல்வேர் ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் இயற்பியல் வகுப்பில் மின்புலம், காந்தப்புலம் படித்துவிட்டு வரும் மாணவருக்குப் புலம் என்றதும் அதுதான் நினைவுக்கு வரும். போதாதற்குப் பார்வைப்புலம் என்று வேறொன்று இருக்கிறது. லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பது அது. இரண்டிலும் புலம் வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சிலர் டெப்த் ஆஃப் ஃபீல்டைக் ‘குவிய ஆழம்’ என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குவிய ஆழம் என்பது கேமராவுக்கு உள்ளே, லென்ஸுக்குப் பின்னால், உணரி முன்னும் பின்னும் எவ்வளவு வரை நகர்ந்தால் படம் கெடாது என்னும் அளவு. உணரியில் 0.03 மி.மீ. வட்டமாகப் பரவிய புள்ளி வரை தெளிவு என்று கொண்டால், எஃப் 8-இல் அது மொத்தமே அரை மில்லிமீட்டர்தான். வெளியே 80 செ.மீ., உள்ளே அரை மி.மீ. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது பெரும் பிழை.

---

மரபுவழி எழுதியது:

‘தெளிபுலம்’ என்று வைக்கலாம். வினைத்தொகை. தெளிந்த, தெளிகின்ற, தெளியும் புலம் என மூன்று காலத்துக்கும் விரியும். துளையை மாற்றும் வளையத்தைத் திருப்பத் திருப்ப மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு வினைத்தொகையைவிடப் பொருத்தமான அமைப்பு கிடைக்காது. ஒற்று மிகாது என்பதை அச்சுக்கோப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சுடுகாடு போலத்தான் இதுவும். ‘தெளிப்புலம்’ என்று அச்சானால் நீர் தெளிப்பதுதான் நினைவுக்கு வரும்.

கூடவே ஒன்று: உணரி சரி, லென்ஸும் கேமராவும் ஏன்? வில்லை, ஒளிப்படக்கருவி என்று எழுதக்கூடாதா?

---

ஒளியோடை எழுதியது:

எழுதலாம் ஐயா. ஆனால் முதல் பக்கத்திலேயே பத்துப் புதுச்சொல் வந்தால் மாணவர் மூடிவைத்துவிடுவார். கையில் இருக்கும் பொருளை அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே விட்டுவிட்டு, கருத்துக்கு மட்டும் தமிழ் தேடுகிறேன். லென்ஸ் என்றால் அவருக்குப் புரிகிறது. டெப்த் ஆஃப் ஃபீல்டு என்றால் ஆங்கிலத்திலும் புரியவில்லை. உழைப்பை அங்கே போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

முதலாண்டு மாணவி எழுதியது:

வணக்கம். இந்தக் குழுவில் முதன்முறையாக எழுதுகிறேன். நாங்கள் எங்களுக்குள் பேசுவது இப்படித்தான்: “பின்னாடி பிளர் ஆகணும்னா அப்பெர்ச்சரை ஓபன் பண்ணு.” டெப்த் என்ற சொல்லே வராது. தெளிவைப் பற்றிப் பேசாமல் பிளரைப் பற்றித்தான் பேசுகிறோம். அதனால் புதுச்சொல்லில் ‘தெளிவு’ கட்டாயம் இருக்க வேண்டும். ‘தெளிவு ஆழம் குறைவு’ என்றால் குறைவது தெளிவு என்று எனக்கு உடனே புரிகிறது. புல ஆழத்தில் எது குறைகிறது என்று தெரியவில்லை.

பிளருக்கும் ஒரு சொல் வேண்டும். பொக்கே என்று எழுதினால் பூச்செண்டு என்று நினைக்கிறார்கள்.

---

சொல்வேர் எழுதியது:

அம்மா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அது ஜப்பானியச் சொல். ‘பொகெ’ என்றால் மங்கலாதல். 1997-இல் ஃபோட்டோ டெக்னிக்ஸ் இதழில் ஆங்கிலக்காரர் சரியாக ஒலிக்க வேண்டும் என்று கடைசியில் ஓர் எச் சேர்த்தார்கள். அவர்கள் தம் எழுத்துக்கு வளைத்துக்கொண்டார்கள். நாம் வளைப்பானேன்? நம்மிடம் மங்குல் இருக்கிறது. சங்கப் பாட்டில் மங்குல் என்றால் மேகம், இருள். பின்னணியில் விளக்குகள் கரைந்து வட்டவட்டமாக மிதப்பதைப் பாருங்கள். அது மங்குல் இல்லாமல் வேறென்ன?

---

குவியம் எழுதியது:

மங்குலுக்கு என் ஆதரவு. ஆனால் அது மங்கலின் அளவைச் சொல்லாமல் அதன் அழகைச் சொல்வதாக இருக்கட்டும். எவ்வளவு மங்கியது என்பதற்கு மங்கல் போதும். பொக்கே என்பது எப்படி மங்கியது என்பதைச் சொல்வது. துளையின் வடிவமும் லென்ஸின் வளைவும் அதைத் தீர்மானிக்கும்.

மூலச்சொல்லுக்கு வருகிறேன். ஆழமே எனக்கு உறுத்துகிறது. ஆழம் மேற்பரப்பிலிருந்து கீழே அளப்பது. இங்கே மேற்பரப்பு எது? ஒளியோடை சொன்ன அந்த 80 செ.மீ.யில், ஆளுக்கு முன்னால் 32, பின்னால் 48 இருக்கிறது. ஆள் நடுவில் நிற்கிறார். இரு பக்கமும் விரியும் ஒன்றை ஆழம் என்பது எப்படி? ‘தெளிவெல்லை’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லைக்கு இரண்டு முனை உண்டு.

---

மரபுவழி எழுதியது:

எல்லை என்றால் முடியுமிடம். இடைப்பட்ட தொலைவை அது சொல்லாது. தெளிவும் ஆழமும் சேர்வதானால் ‘தெளிவாழம்’ என்று புணர்த்தியே எழுதுங்கள். தெளிவின் ஈற்றில் இருப்பது முற்றியலுகரம்தானே, கெடுமா என்று யாராவது கேட்டால், ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று நன்னூல் இடம் தருகிறது. என் முதல் விருப்பம் தெளிபுலம்தான். ஆனால் மாணவர்க்குத் தெளிவாழம் எளிது என்றால் குறுக்கே நிற்கமாட்டேன்.

---

ஒளியோடை எழுதியது:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. தெளிவாழத்துக்கு மாணவியும் மரபுவழி ஐயாவும் இசைந்திருக்கிறார்கள். தனி மடலில் இருவர் ஆதரித்தார்கள். தெளிவெல்லைக்கு ஒருவர், புல ஆழத்துக்கு ஒருவர். குறிப்பேட்டில் தெளிவாழம் என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பதையும் சேர்த்துவிடுகிறேன். பொக்கேவுக்கு மங்குல். நாளை காலை அந்தப் பையனிடம் இரண்டு பக்கங்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்லப்போகிறேன். அவன் மீண்டும் தடுமாறினால் அச்சகத்துக்குப் போகும் முன் மாற்றிவிடுவேன்.

---

குவியம் எழுதியது:

பெரும்பான்மையை ஏற்கிறேன். ஆனால் முன்னால் இருக்கும் அந்த 32 செ.மீ.யை ஆழம் என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த மடலை மறுபடி எடுத்துப் போடுவேன்.