வலி மாத்திரையும் ‘அந்த’ மாத்திரையும் சேர்ந்தால் ரத்தம் கெடுமா?

ரிக்குக்காரன், திருச்செங்கோடு:
ஆழ்துளைக் கிணறு போடும் போர் ரிக்கில் பதினொரு வருடம். ராடு தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. சத்தீஸ்கர் பக்கம் இருந்தபோது கூட வேலை பார்த்தவர் வலிக்கு ஒரு மாத்திரை பழக்கிவிட்டார். அப்புறம், ஊருக்கு வரும் நாட்களில் வயாகரா வகை ஒன்று. இரண்டு வருடமாக இப்படித்தான். போன வாரம் ரத்தம் பார்த்ததில் வெள்ளணு 3,400. ‘ரெண்டும் சேர்ந்தா ரத்தம் கெட்டு எதிர்ப்பு சக்தி போயிடும், எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நெசமுங்களா?

தறிக்காரன், சோமனூர்:
நெசந்தானுங்க. எங்கள் பக்கத்துக் குடோனில் ஒருத்தர் ரெண்டையும் போட்டு, மூணே மாதத்தில் கருவாடு மாதிரி ஆகிவிட்டார். இன்றைக்கே ரெண்டையும் தூக்கிக் குப்பையில் போடுங்க.

ஈரோட்டு மருந்துக்கடை:
அப்படி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீங்க. வலி மாத்திரை டிரமடால் (மார்ஃபின் இனத்து வலி மருந்து) வகையாக இருந்தால், சட்டென்று விட்டால் உடம்பு முறுக்கும், வியர்க்கும், வயிறு கலக்கும், தூக்கம் வராது. டாக்டரிடம் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். முதலில் மாத்திரை பேரைச் சொல்லுங்க.

ரத்தப் பரிசோதகி, கோவை:
3,400 குறைவுதான், வழக்கமாக 4,000-க்கு மேல் இருக்கணும். ஆனால் அதற்கு முன்னால் காய்ச்சல் வந்ததா? வைரஸ் காய்ச்சலே வெள்ளணுவை இறக்கிவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்க. எலிக்கணக்குக்கும் ஒன்று சொல்கிறேன். எடைக்கு எடை பார்த்தால், எலிக்குக் கொடுத்த அளவை ஏறத்தாழ ஆறால் வகுத்தால்தான் மனிதக் கணக்கு வரும். வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபிலையோ நுரையீரல் ரத்தக்கொதிப்புக்கு 20 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, வருடக்கணக்கில் கொடுக்கிறார்கள். 2005-லேயே அமெரிக்காவில் அனுமதி வந்தது.

ரிக்குக்காரன்:
ஆமாங்க அம்மணி, பத்து நாள் முன்னால் காய்ச்சல் இருந்தது.

தறிக்காரன்:
தனித்தனியா நல்லதுதானுங்க. மோரும் நல்லது, மீனும் நல்லது. ஒரே இலையில் போட்டுச் சாப்பிடுவீங்களா?

ஈரோட்டு மருந்துக்கடை:
கேள்வி நியாயம்தான். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. மார்ஃபின் வகையறா எதிர்ப்பு சக்தியை அமுக்கும். டிரமடால் அந்த அளவுக்கு அமுக்காது. வெள்ளணுவை அரிதாக ஒரேயடியாகச் சாய்க்கிற வலி மருந்து அனால்ஜின். 2013-ல் நம் நாட்டில் நிறுத்திவைத்து, அடுத்த வருடமே நிபந்தனையோடு திரும்ப விட்டார்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி என்றால் வயிற்றில் ரத்தக்கசிவும் கிட்னியும்தான் கவலை.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. டிரமடால் வகையை நாள்பட எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கும். ரிக்குக்காரருக்கு ரெண்டாவது மாத்திரை தேவைப்படுவதே முதல் மாத்திரையால் இருக்கலாம்.

தறிக்காரன்:
அடேங்கப்பா! அதை முதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. ஆனாலும் சேர்த்துப் போடுவது சரின்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஈரோட்டு மருந்துக்கடை:
சரின்னு நானும் சொல்லவில்லையே. எலி இல்லாமலே தெரிந்த ஆபத்து ஒன்று உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சில்டெனாஃபில் சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளம். ஒருநாள் இடைவெளியாவது வேண்டும். அதே வகையில் இன்னொன்றான டடாலாஃபில் என்றால் இரண்டு நாள். நெஞ்சுவலி என்று 108-ல் ஏறினால் வெட்கப்படாமல் ‘இதைப் போட்டிருக்கேன்’ என்று சொல்லிவிட வேண்டும்.

ரத்தப் பரிசோதகி:
எங்களிடம் வருகிறவர்களில் மனைவி பக்கத்தில் நின்றால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

ரிக்குக்காரன்:
பேர் கேட்டீங்களே. பையில் துழாவினேன். கத்தரியில் நறுக்கிய பட்டைத் துண்டு ஒன்றுதான் இருக்கிறது, ரெண்டு மாத்திரை. பேரின் வால் மட்டும் தெரிகிறது: ‘...டால் 100’. தேதி, கம்பெனி எதுவும் இல்லை.

ஈரோட்டு மருந்துக்கடை:
டிரமடாலும் டாலில்தான் முடியும், அதே இனத்து வலி மருந்தான டேபென்டடாலும் டாலில்தான் முடியும். டிரமடால் 2018-லிருந்து போதைமருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, சீட்டில்லாமல் தரவே கூடாது. அந்தத் துண்டைத் தூக்கி எறியாதீங்க. நாளைக்கு டாக்டரிடம் போகும்போது சட்டைப் பையில் இருக்கட்டும்.