மியூச்சுவல் ஃபண்டு அடமானத்தில் ₹4 லட்சம்: 10.5% வட்டியோடு செலவு முடிந்துவிடுமா?

கரூர்க்காரன்:
ஈக்விட்டி ஃபண்டில் இன்றைய மதிப்பு ₹12 லட்சம். எல்லா யூனிட்டும் வாங்கி இரண்டு வருடம் தாண்டியவை. 5 மாதத்துக்கு ₹4 லட்சம் வேண்டும். வங்கியில் ஃபண்டை அடமானம் வைத்தால் ஓவர்டிராஃப்ட் (ஓ.டி.; ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) 10.5%, பிராசசிங் கட்டணம் ₹1,999 என்கிறார்கள். விற்பதா, அடமானமா?

வட்டிக்கணக்கு:
ஓ.டி.யில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. ₹4 லட்சம், 150 நாள்: ₹17,260. கட்டணம் 18% ஜிஎஸ்டியோடு ₹2,359. மொத்தம் ₹19,619, ஆண்டுக்கணக்கில் 11.9%. இதே பணத்தை 30 நாளில் கட்டி முடித்தால் வட்டி ₹3,452தான், கட்டணம் மட்டும் குறையாது. அப்போது ஆண்டுக்கணக்கு 17.7%! ஸ்டாம்ப் டியூட்டி தனி. வருடாவருடம் புதுப்பிக்கக் கட்டணம் உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

செஸ்4:
விற்றால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பாருங்கள். விற்கும் ₹4 லட்சம் யூனிட்டின் வாங்கிய விலை ₹2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் ₹1.5 லட்சம். இந்த நிதியாண்டில் வேறு நீண்டகால லாபம் (ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபம்) எடுக்கவில்லை என்றால் வரியில்லாத ₹1.25 லட்சம் கழிந்து, மீதி ₹25,000க்கு 12.5%, செஸ் (வரிமேல் கூடுதல் வரி) சேர்த்து ₹3,250 வரி. கடனைவிட ₹16,369 குறைவு. அதாவது 5 மாதத்தில் ஃபண்டு சுமார் 4.1%க்கு மேல் ஏறினால்தான் கடன் வாங்கியது லாபம். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் போகும் என்பதால் பழைய எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) என்றால் லாபக் கணக்கு எகிறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது நீண்டகால லாபத்துக்கான ஒரு வருடக் கணக்கும் எக்ஸிட் லோடும் (சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணம்) புதிதாக ஆரம்பிக்கும்.

கரூர்க்காரன்:
நன்றி. ஏறும் என்ற நம்பிக்கையில் கடன் பக்கம்தான் மனம் போகிறது. ₹8 லட்சம் யூனிட் வைத்தாலே போதும் என்கிறார்களே?

லீன்மார்க்:
வேண்டவே வேண்டாம். ஈக்விட்டி ஃபண்டுக்குப் பொதுவாக மதிப்பில் பாதிதான் கிடைக்கும். ₹8 லட்சம் வைத்து ₹4 லட்சத்தையும் எடுத்தால், மறுநாள் என்ஏவி (ஒரு யூனிட்டின் விலை) 1% இறங்கினாலே ₹4,000 பற்றாக்குறை. ₹12 லட்சத்தையும் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு விழும்வரை தாங்கும். அதுவும் கோட்டை இல்லை: 2020 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி அதைவிட அதிகமாகவே விழுந்தது. பற்றாக்குறையைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் யூனிட்டை அவர்களே விற்பார்கள், வரி உங்கள் தலையில்.

லிமிட்டை ₹4.25 லட்சமாகக் கேளுங்கள். மாதாமாதம் சுமார் ₹3,500 வட்டி அதே கணக்கில்தான் பற்று வைப்பார்கள். லிமிட் நிறைந்திருந்தால் அது வரம்பைத் தாண்டி அபராதக் கட்டணம் விழும்.

இஎல்எஸ்எஸ் (வரிச்சலுகை ஃபண்டு) மூன்று வருடம் முடியாமல் அடமானம் போகாது. ஃபோலியோவில் (உங்கள் ஃபண்டு கணக்கில்) பழைய மொபைல் எண் இருந்தால் ஓடிபி வராமல் அங்கேயே நிற்கும், முன்னாலேயே மாற்றிவிடுங்கள். பாக்கியைக் கட்டியதும் லீன் (யூனிட்டின் மேல் வங்கி போட்ட அடமானப் பூட்டு) தானாகப் போய்விடும் என்று இருக்காதீர்கள். கணக்கை மூடி, லீன் நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் (ஃபண்டு கணக்குப் பதிவு நிறுவனங்கள்) ஸ்டேட்மென்டில் லீன் யூனிட் பூஜ்யம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.