லோக்கல் கேபிளில் 20 விநாடி காபித்தூள் விளம்பரம்: எதைக் காட்டினால் விற்கும்?

கேள்வி (கும்பகோணம்): விலை, தரம், 3 கிளை, டோர் டெலிவரி எல்லாம் சொல்லணும். வசனம் 70 வார்த்தை வருது. சரியா வருமா?

தஞ்சாவூர்: ஏலம் விடுற மாதிரி இருக்கும் சார். 35 வார்த்தை தாண்டாதீங்க, ஒரே சேதி. முதல் 3 விநாடி பேச்சே வேண்டாம்: டிகாக்‌ஷன் சொட்டுற சத்தம், பித்தளை டவராவில் ஆத்துற நுரை. நாக்கில் எச்சில் ஊறின பிறகுதான் பேச்சு. ஆவி தெரியணும்னா பின்னணி கறுப்பு, விளக்கு டம்ளருக்குப் பின்பக்கம். முன்னாலிருந்து வெளிச்சம் அடிச்சா கொதிக்கிற காபியும் ஆறிப்போனதாத்தான் தெரியும்.

மயிலாடுதுறை: கடைப் பெயரைக் கடைசிக்கு வெச்சா அதுக்குள்ள சேனல் மாத்திடுவாங்க. முதல் ஷாட்லயே பாக்கெட் தெரியட்டும். அடுப்படியில் இருக்கிறவங்க காதாலதான் விளம்பரம் 'பாக்கிறாங்க'; பெயரை ரெண்டு தடவை வாயால் சொல்லுங்க.

திருவாரூர்: சிக்கரி கலந்திருந்தா 'சுத்தமான காபி'ன்னு சொல்லாதீங்க. கலவையில் காபி குறைஞ்சது 51 சதவீதம் இருக்கணும், விகிதம் பாக்கெட்டில் அச்சாகணும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கேட்டவர்: அப்ப கிளை, டெலிவரி?

தஞ்சாவூர்: போன் நம்பர் போதும். கடைசி 4 விநாடி, பெரிய எழுத்தில். கேபிள்காரர் கீழே ஓட்டுற ஸ்க்ரோல் மறைக்காத உயரத்தில் வைங்க.