ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை, ரிலேவுக்கு எர்த் வரவில்லை
மதுரையில் இருக்கிறேன். 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். இரண்டு வாரமாக ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. காளவாசல் சிக்னலில் கொஞ்சம் நின்றாலே டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது, ஏசி போட்டாலும் ஃபேன் அசைவதில்லை.

பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் நன்றாகச் சுற்றுகிறது. ஃபியூஸ் சரி, ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) புதிது, ஸ்கேனர் கூலண்ட் சூட்டை 104 டிகிரி என்று காட்டுகிறது. ரிலே சாக்கெட்டில் 30, 86 எண் பின்கள் இரண்டிலும் 12 வோல்ட் இருக்கிறது, 85-ஆம் பின்னில் மட்டும் எர்த் வரவில்லை. அதை ஒரு வயரால் பாடியோடு தொட்டதும் டக்கென்று ரிலே இழுத்து ஃபேன் ஓடியது. அந்தப் பின்னில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது, சுரண்டிப் பார்த்தும் பலனில்லை.

மெக்கானிக் இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. 85-லிருந்து இசிஎம் வரை போகும் வயர் அறுந்திருக்கிறதா, இசிஎம்தான் எர்த் கொடுக்கவில்லையா என்று மல்டிமீட்டரால் எப்படி உறுதி செய்வது?