கருப்பை உட்சவ்வு 6 மில்லிமீற்றரிலேயே நிற்கிறது: இனி என்ன செய்யலாம்?

கேள்வி (நல்லூர்):
உறைய வைத்த முளையத்தை (உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவை) கருப்பையில் வைப்பதற்காக, உட்சவ்வை வளர்க்கும் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் வில்லைகளை எடுத்துவருகிறேன். ஸ்கானில் கருப்பை உட்சவ்வின் தடிப்பு 6 மில்லிமீற்றரைத் தாண்டாததால், கொழும்பிலுள்ள வைத்தியர் இம்மாத முயற்சியை ஒத்திவைத்துவிட்டார். மாமி அன்போடு முருங்கையிலை வறையும் எள்ளுருண்டையும் செய்து தருகிறார். உணவினால் சவ்வு தடிக்குமா? சவ்வைச் சற்றுச் சுரண்டிவிட்டால் முளையம் நன்றாக ஒட்டும் என்பது உண்மையா?

பதில் (கொக்குவில்):
தங்கச்சி, எப்படித் தடிக்க வைப்பது என்பதற்கு முன்னர் ஏன் தடிக்கவில்லை என்பதைக் கேளுங்கள். முன்பு கருச்சிதைவுக்குப் பின் கருப்பையைச் சுத்தம் செய்திருந்தால் உள்ளே தழும்புகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நாட்பட்ட அழற்சியோ, கருப்பையைத் தாக்கிய காசநோயோ காரணமாக இருக்கலாம். தழும்பு இருக்கும் இடத்தில் எவ்வளவு ஈஸ்ட்ரஜன் கொடுத்தாலும் சவ்வு வளர்வது கடினம். கமராக் குழாயால் கருப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பிப் பரிசோதனையில் தழும்பைக் கண்டு, அப்போதே நீக்கவும் முடியும். எள்ளும் முருங்கையும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அவை சவ்வைத் தடிக்கச் செய்யும் என்பதற்குச் சான்று இல்லை.

பதில் (சாவகச்சேரி):
சுரண்டும் முறையைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன், அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 1,364 பெண்கள் பங்கேற்றனர். சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதமே. சவ்வைத் தடிக்க வைக்கச் சிலர் சொல்லும் விற்றமின் ஈ, இரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்தான சில்டெனாபில், இரத்தத்திலிருந்து எடுக்கும் பிளேட்லெட் (குருதிச் சிறுதட்டு) செறிவு ஆகியவற்றுக்குச் சிறிய ஆய்வுகளே இருப்பதால், வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். ஈஸ்ட்ரஜனை இன்னும் சில நாட்கள் நீடிப்பது, வில்லைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பட்டையாகவோ யோனி வழியாகவோ கொடுப்பது, அல்லது உங்கள் மாதவிடாய் ஒழுங்காக இருந்தால் ஈஸ்ட்ரஜன் வில்லை இல்லாமல் இயற்கைச் சுழற்சியிலேயே முளையத்தை வைப்பது பற்றிக் கேட்கலாம். வைத்தியர்கள் பொதுவாக எதிர்பார்க்கும் 7 மில்லிமீற்றருக்குக் கீழேயும் கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்பு குறையுமே தவிர இல்லாமற்போவதில்லை. ஸ்கானில் சவ்வின் மூன்று படைகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. முதற்கரு கலைந்தபோது எனக்குச் சுத்தம் செய்தார்கள். அதை இந்த வைத்தியரிடம் யாரும் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

பதில் (கொக்குவில்):
அப்படியானால் அந்த வைத்தியசாலைக் குறிப்பைத் தேடி எடுத்து, அடுத்த கிளினிக்கில் முதலில் அதையே காட்டுங்கள். சுத்தம் செய்த பிறகு மாதவிடாய் இரத்தம் குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.