டிரெய்னர் 262, கிராங்க் 248: செயின் வாட்டைக் கக்குமா?

செயின்_எண்ணெய்:
புதிதாக டிரெய்னர் (சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டி, வீட்டுக்குள்ளேயே மிதிக்கும் கருவி) வாங்கியவர்கள் இழையில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "டிரெய்னர் 262 வாட் காட்டுகிறது, பைக்கில் உள்ள பவர் மீட்டர் 248 காட்டுகிறது. டிரெய்னர் பெட்டியிலேயே ±1% என்று போட்டிருக்கிறது, ஆகவே மீட்டர்தான் தப்பு." நான் பதில் போடுவதற்குள் இழையைப் பூட்டிவிட்டார்கள். ஐயா, நாம் மிதிக்கும் திறனை அளக்கும் அந்த மீட்டர் கிராங்கில், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கட்டையில், இருக்கிறது. டிரெய்னர் செயினுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. துடைத்து எண்ணெய் விட்ட செயினே இரண்டு மூன்று சதவீதம் தின்றுவிடும். கிராங்கில் 250 மிதித்தால் டிரெய்னரில் 244 வரலாம், 242 வரலாம். கூடுதலாக எப்படி வரும்? செயின் வாட்டைத் தின்னும், கக்காது.

மருதமலை_ஏற்றம்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். பணம் போட்டு வாங்கியது ±1% டிரெய்னர். நீங்கள் சொல்வது பள்ளிக்கூட இயற்பியல்.

செயின்_எண்ணெய்:
பள்ளிக்கூட இயற்பியல் பொய்யாகிவிட்டதா? உங்கள் ±1%, மீட்டரின் ±1%, இரண்டையும் உங்களுக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் டிரெய்னர் மேலே போகாது. செயின் கக்காது.

மருதமலை_ஏற்றம்:
ஒரு படி அரிசியை ஆட்டினால் ஒரு படிக்கு மேல்தான் மாவு வருகிறது.

செயின்_எண்ணெய்:
அதில் தண்ணீர் ஊற்றுகிறோம். உங்கள் டிரெய்னரில் யார் ஊற்றினார்கள்?

ஸ்கார்பரோ_சித்தப்பா:
தம்பிமார், செயினை விடுங்கோ. தண்ணீர் ஊற்றினது ஸ்பின்டவுன், டிரெய்னரைச் சுழலவிட்டு அளவைச் சரிபார்க்கிற வேலை. பெல்ட்டும் பேரிங்கும் எவ்வளவு தின்னுது என்று உள்ளே சுழலுற ஃப்ளைவீல் சக்கரம் ஓய்கிற நேரத்தை வைத்து டிரெய்னர் கணக்குப் போட்டு, அதை வாட்டில் கூட்டிச் சொல்லும். பெல்ட் குளிர்ந்திருக்கேக்கை ஸ்பின்டவுன் செய்தால் உராய்வு கூட என்று நினைக்கும். பிறகு பெல்ட் சூடாகி உராய்வு குறையும், ஆனால் பழைய கணக்கையே கூட்டிக்கொண்டிருக்கும். இங்கே கராஜுக்குள்ளே ஜனவரியில் எனக்கு நடந்தது. 15 நிமிடம் மிதித்துப்போட்டுச் செய்யுங்கோ.

மருதமலை_ஏற்றம்:
கோயம்புத்தூரில் ஏது சித்தப்பா குளிர்?

ஸ்கார்பரோ_சித்தப்பா:
ஏசி அறை என்று நீர்தானே போன மாதம் படம் போட்டீர்.

ஈசிஆர்_காத்து:
டாக்ஸ் நியோ டிரெய்னர் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. அதில் பெல்ட்டும் கிடையாது, ஸ்பின்டவுனும் கிடையாது. நான் அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்.

செயின்_எண்ணெய்:
நியோவோ வேறு எதுவோ, நடுவில் செயின் இருக்கிறது இல்லையா?

திறன்மானி:
இரண்டு வெவ்வேறு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் காட்டுகிறது என்பது ஒன்று. அதே உழைப்புக்குத் தினமும் அதே எண்ணைக் காட்டுகிறதா என்பது வேறு. பயிற்சிக்கு இரண்டாவதே போதும். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யலாமா? அப்புறம், "பவர் மீட்டர்" எதற்கு, திறன்மானி என்ற நல்ல சொல் இருக்கும்போது?

ஈசிஆர்_காத்து:
வாட்டுக்கு என்ன தமிழ், ஐயா?

திறன்மானி:
அது ஒருவருடைய பெயர். பெயரை மொழிபெயர்ப்பதில்லை.

ஈசிஆர்_காத்து:
செயினுக்கு?

திறன்மானி:
சங்கிலி. அதற்குமா சந்தேகம்?

செயின்_எண்ணெய்:
சங்கிலியும் கக்காது.

பழைய_கியர்:
மருதமலை தம்பி, அந்த மீட்டர் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?

மருதமலை_ஏற்றம்:
இடது கிராங்க் மட்டும்தான் அண்ணா. அதிலென்ன?

பழைய_கியர்:
இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை பதிவு எதற்கு! இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிறது அது. 248 என்றால் இடது கால் 124. வலது கால் 145 மிதித்தால் மொத்தம் 269. செயின் ஏழு வாட் தின்றால் மிச்சம் 262. இடது 46, வலது 54, இப்படி மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மருதமலை_ஏற்றம்:
பார்த்தீர்களா! டிரெய்னர்தான் சரி.

செயின்_எண்ணெய்:
எதைப் பார்ப்பது? அந்தக் கணக்கிலும் 269 போய் 262 வந்திருக்கிறது. செயின் தின்றிருக்கிறது. நான் சொன்னதைத்தான் அண்ணன் எண் போட்டுச் சொல்கிறார்.

பழைய_கியர்:
நான் உங்களுக்காகச் சொல்லவில்லை. மீட்டர் ஒரு பக்கமா என்று நீங்கள் கேட்கவே இல்லை.

செயின்_எண்ணெய்:
கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 1986இல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் எஸ்ஆர்எம் என்ற பவர் மீட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் மீட்டரை எங்கே வைத்தார்? கிராங்கில்.  அங்கே செயின் தின்பதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

பழைய_கியர்:
அவர் ஒரு காலை அளந்து இரண்டால் பெருக்கவில்லை, தம்பி.

ஈசிஆர்_காத்து:
262க்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். மருதமலையின் எடை 65.5. வகுத்துப் பாருங்கள், கச்சிதமாகக் கிலோவுக்கு 4 வாட். 248 என்றால் 3.8கூட வராது. கிலோவுக்கு 4 என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, பாவம்.

மருதமலை_ஏற்றம்:
கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியில் 31ஆவது வளைவோடு காரில் ஏறினவர் பேசுகிறார்.

ஈசிஆர்_காத்து:
அன்றைக்கு டயர் கிழிந்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன்.

மருதமலை_ஏற்றம்:
டயர் படம் பார்த்தேன். கிழிசலைத்தான் பார்க்கவில்லை.

ஸ்கார்பரோ_சித்தப்பா:
ஸ்பின்டவுன் செய்தாச்சா?

மருதமலை_ஏற்றம்:
இன்று காலை 20 நிமிடம் மிதித்துவிட்டுச் செய்தேன். மீட்டரையும் பூஜ்யம் செய்தேன். இப்போது டிரெய்னர் 255, மீட்டர் 248. இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

செயின்_எண்ணெய்:
ஏழு வாட் காணோம்! நேற்று வரை எங்கிருந்து வந்ததாம்? ±1% பெட்டியைத் தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மீட்டருக்கு மேலேதான் நிற்கிறது. செயின் கக்காது, சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பழைய_கியர்:
மீதி வலது காலில் இருக்கிறது என்று எத்தனை முறை சொல்வது?

செயின்_எண்ணெய்:
வலது காலும் செயின் வழியாகத்தான் போகிறது, அண்ணா.

மருதமலை_ஏற்றம்:
இவரே எண்ணெய்க்குப் பதிலாக மெழுகுவர்த்தியை உருக்கிச் செயினை முக்கி எடுத்து, பாதிப் பல்லில் மெழுகோடு வந்தவர். அன்றைக்கு மகாபலிபுரம் வரை கறகறவென்று சத்தம். உங்கள் செயின் வேண்டுமானால் பத்து சதவீதம் தின்னும்.

செயின்_எண்ணெய்:
அது மெழுகுவர்த்தி இல்லை, பாரஃபின். 2 கிலோ கட்டியாக வாங்கினது. இதற்குத் தனி இழை போடுகிறேன், அங்கே வாருங்கள்.

திறன்மானி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஈசிஆர்_காத்து:
டயர் கிழிந்தது உண்மை.